போரில் இறந்தவர்கள் என்று யாரை எண்ணுகிறார்கள்?

மாறன் கேட்டது:

வணக்கம். நான் மாலை நேரத்தில் மாணவர்களுக்கு உலக நடப்பு வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஏமன் போரைப் பற்றிப் பேசும்போது, 2021 முடிவதற்குள் அங்கே 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஐநா வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டதைச் சொன்னேன். அதில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் குண்டாலோ துப்பாக்கியாலோ சாகவில்லை என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. உடனே ஒரு மாணவி, "அப்படியானால் அவர்கள் எப்படி இறந்தார்கள் சார்?" என்று கேட்டாள். பசி, நோய் என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பசியும் நோயும் போர் இல்லாத ஏழை நாட்டிலும் உண்டே, போர் வந்ததும் அது எந்த வழியாக நுழைந்து இத்தனை லட்சம் பேரைக் கொல்கிறது, அதை யார் எப்படி எண்ணுகிறார்கள் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பாடநூலில் 'மனிதப் பாதுகாப்பு' என்று ஒரு சொல் வருகிறது. நாட்டின் பாதுகாப்பு வேறு, அதில் வாழும் மனிதரின் பாதுகாப்பு வேறு என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடைமுறையில் அதற்கு என்ன பொருள்? களத்தில் வேலை பார்த்தவர்களோ இதைப் படித்தவர்களோ இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள்.

ஊற்று:

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், எனக்குத் தெரிந்த வேலை அதுதான். நிவாரணப் பணியில் குடிநீர்த் திட்டங்களைப் பார்த்துக்கொண்டு பல வருடம் இருந்தேன்.

ஒரு நகரத்துக்குத் தண்ணீர் நின்றுபோக நீரேற்று நிலையத்தின் மேல் குண்டு விழ வேண்டும் என்றே இல்லை. 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு மின்கோபுரம் சாய்ந்தால் போதும். மின்சாரம் போனதும் ஜெனரேட்டரை ஓட்டுவார்கள், அதற்கு டீசல் வேண்டும், டீசல் லாரி நாலைந்து சோதனைச் சாவடி தாண்டி வர வேண்டும், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஆட்கள் துப்பாக்கியோடு நிற்பார்கள். சரி, டீசல் வந்து சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். நாள் முழுக்க ஓட்ட அது காணாது, ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துவார்கள். ஆபத்து அப்போதுதான் ஆரம்பிக்கிறது. குழாயில் அழுத்தம் இருக்கும் வரை விரிசல் வழியாக உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் விழுந்துவிட்டால் அதே விரிசல் வழியாக வெளியே இருப்பது உள்ளே வரும். கழிவுநீரை வெளியேற்றும் பம்பும் அதே மின்சாரத்தில்தான் ஓடியது, ஆகவே வெளியே தேங்கி நிற்பது சாக்கடை. அடுத்த நாள் குழாயைத் திறக்கும் தாய்க்கு இதெல்லாம் தெரியாது. அவள் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிற தண்ணீரைத்தான் குடத்தில் பிடிக்கிறாள்.

இதற்கு இருக்கிற எளிய காவல் குளோரின். சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். மாறினால் குளோரின் மிச்சம் இருக்கிறது, குடிக்கலாம். தெருக்கோடி வீடுகளில் அந்தக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிறம் வருகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பல நாள் வராது. வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். குளோரினை ஆயுதமாகவும் மாற்றலாம் என்பதால் போர் நடக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோக அனுமதிக்கு மேல் அனுமதி வாங்க வேண்டும், அதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும்.

அப்புறம் ஆட்கள். ஏமனில் 2016 ஆகஸ்ட் வாக்கில் லட்சக்கணக்கான அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. குப்பை அள்ளுகிறவர், பம்பு ஓட்டுகிறவர், மருத்துவமனையைக் கழுவிவிடுகிறவர் எல்லோரும் அதில் அடக்கம். அந்த அக்டோபரில் காலரா தலைகாட்டியது. 2017 முடிவதற்குள் காலராவாக இருக்கலாம் என்று பதிவானவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்தால் நூறில் ஒருவர்கூடச் சாக வேண்டாத நோய் இது.

யுனிசெஃப் 2019இல் நீண்ட போர் நடந்த 16 நாடுகளை எடுத்துப் பார்த்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நேரடி வன்முறையில் சாவதைவிட, அசுத்த நீரால் வரும் வயிற்றுப்போக்கில் சாகும் வாய்ப்பு 20 மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. உங்கள் மாணவியின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மருதாணி:

ஊற்று அண்ணா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் செவிலியர், முகாம்களில் தடுப்பூசிப் பணியில் இருந்தவள்.

மாறன் சார், நீங்கள் சொன்ன அதே ஏமன் மதிப்பீட்டில் இன்னொரு வரி இருக்கிறது. இறந்த 3,77,000 பேரில் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். போர் முதலில் பிடிப்பது அவர்களைத்தான், ஏனென்றால் அவர்களை உயிரோடு வைத்திருப்பவை எல்லாமே குறித்த நாளில் குறித்தபடி நடக்க வேண்டிய காரியங்கள். தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தடுப்பு மருந்துகளைத் தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் கை வரைக்கும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். போலியோ மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சின்னச் சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். சதுரத்தின் நிறம் வட்டத்தோடு ஒன்றாகிவிட்டால் அந்த மருந்து வீண். தோளில் பெட்டியை மாட்டிக்கொண்டு சாவடியில் வெயிலில் மூன்று மணி நேரம் நிற்கவைக்கப்பட்டுவிட்டு, கிராமத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு குப்பியாக அந்தச் சதுரத்தைப் பார்த்திருக்கிறேன். தாய்மார்கள் வரிசையில் நிற்கிறார்கள், குப்பிகளைத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது.

போலியோ ஒழிந்துபோயிருந்த சிரியாவில் 2013இல் அது திரும்ப வந்தது இப்படித்தான். காசாவில் 25 வருடங்களாக இல்லாத போலியோ 2024 ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றின் காலை முடக்கியது. அதற்கு அடுத்த மாதம் பகுதி பகுதியாகச் சண்டையை நிறுத்திவைத்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நிறுத்த நினைத்தால் நிறுத்த முடிகிறது என்பதைத்தான் அது காட்டியது, அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

காங்கோவைப் பற்றியும் தேடிப் பாருங்கள். 1998 முதல் 2007 வரை அங்கே போரால் கூடுதலாக 54 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று சர்வதேச மீட்புக் குழு என்ற நிவாரண அமைப்பு மதிப்பிட்டது. அந்த எண் அதிகம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான சாவுக்குக் காரணம் மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, சத்துக்குறைவு என்பதில் பெரிய சண்டை இல்லை. பிரசவச் சாவும் அப்படியே. உலகில் நடக்கும் பிரசவகால மரணங்களில் பத்தில் ஆறுக்கு மேல் போரிலோ நிலைகுலைவிலோ சிக்கிய நாடுகளில்தான். இரவில் வலி எடுக்கிறது, ஊரடங்கு, வண்டி இல்லை, விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். இவர்கள் யாரும் போரில் இறந்தவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள்.

இளவேனில்:

இருவரும் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'மனிதப் பாதுகாப்பு' என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன், அதையும் மாணவர்கள் கேட்கட்டும்.

இந்தக் கருத்து உலக அரங்குக்கு வந்தது 1994இல், ஐநா மனித வளர்ச்சி அறிக்கை வழியாக. பாகிஸ்தானின் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் அதற்குப் பின்னால் இருந்தவர். பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல் என்று ஏழு வகைப் பாதுகாப்பை அதில் சொன்னார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லாமே பாதுகாப்பு என்று ஆகிவிட்டால் எதை முதலில் செய்வது, யாரைப் பொறுப்பாக்குவது? அதனால் நாடுகளே இரண்டாகப் பிரிந்தன. கனடாவும் நார்வேயும் வன்முறையிலிருந்து காப்பதை மட்டும் பிடித்துக்கொண்டன. 1997இல் கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் ஒட்டாவாவில் கையெழுத்தானதில் அந்தப் பிடிவாதத்துக்குப் பங்கு உண்டு. ஜப்பான் விரிவான பொருளைப் பிடித்துக்கொண்டது. சடாகோ ஒகாட்டாவும் அமர்த்தியா சென்னும் தலைமை வகித்த ஆணையம் 2003இல் அந்த வழியில் அறிக்கை கொடுத்தது.

என் கேள்வி வேறு. அரசு விழுந்துவிட்டால் இந்த ஏழில் எது மிஞ்சும்? 1991இல் சோமாலியாவில் அரசு சரிந்தது, அதற்கப்புறம் பஞ்சம், ஆயுதக்குழுக்கள், அகதி முகாம் என்றே ஒரு தலைமுறை வளர்ந்தது. ஆகவே நாட்டின் பாதுகாப்பைக் கீழே போட்டுவிட்டு மனிதப் பாதுகாப்பைப் பேசுவது எனக்கு ஒட்டவில்லை. அதே நேரத்தில், 1994இல் ருவாண்டாவில் நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டபோது அதை முன்னின்று நடத்தியதே ஆட்சியில் இருந்தவர்கள்தான் என்பதையும் மறைக்க மாட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

மாறன்:

நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. அந்தச் சதுரம் கறுக்கும் குப்பியை வகுப்பில் கண்டிப்பாகச் சொல்வேன்.

பசி பற்றி யாரும் சொல்லவில்லையே. போர் என்றால் விளைச்சல் குறையும், அதனால் பஞ்சம் என்று புரிந்து வைத்திருக்கிறேன். அவ்வளவுதானா? எண்ணுவது எப்படி என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது.

விதைநெல்:

அவ்வளவு இல்லை. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும், கஷ்டம் வரும், ஆனால் பஞ்சமாக முற்ற வேண்டுமானால் உணவு வரும் வழியை யாரோ அடைத்தாக வேண்டும்.

சூடானைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 15ஆம் தேதி ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் என்கிற துணைப்படைக்கும் சண்டை மூண்டது. டிசம்பரில் கெசிரா மாகாணத் தலைநகர் வாத் மதனி துணைப்படையின் கையில் விழுந்தது. கெசிரா என்பது இரு நைல்களுக்கு நடுவில் உள்ள உலகின் மிகப் பெரிய வாய்க்கால் பாசனப் பகுதிகளில் ஒன்று, அந்த நாட்டின் களஞ்சியம். உழவர்கள் ஓடிப்போனார்கள், டிராக்டர்களும் கிடங்குத் தானியமும் கொள்ளை போயின. விதைக்கிற பருவம் ஒன்று தவறினால் போர் அடுத்த வாரமே நின்றாலும் அந்த வருடச் சாப்பாடு கிடையாது. வீட்டில் விதைக்கு வைத்திருந்ததை எடுத்துச் சமைத்துவிட்டால் அதற்கடுத்த வருடமும் கிடையாது. பயிர் வைத்துப் பழகியவர்களுக்கு விதைத் தானியத்தை உலையில் போடுவது எப்பேர்ப்பட்ட முடிவு என்று தெரியும்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் டார்பூரில் அல் ஃபாஷர் நகரம், 2024 முதல் முற்றுகையில் இருந்து 2025 அக்டோபரில் துணைப்படையிடம் விழுந்தது. நகரை ஒட்டிய ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று 2024 ஆகஸ்டிலேயே நிபுணர் குழு உறுதிசெய்துவிட்டது. முற்றுகைக்குள் மக்கள் எதைத் தின்றார்கள் தெரியுமா? அம்பாஸ். வேர்க்கடலையில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கு, மாட்டுத் தீவனம். லாரிகள் உணவோடு தூரத்தில் நின்றன, உள்ளே விடவில்லை. 2018இல் ஐநா பாதுகாப்பு அவை 2417ஆம் தீர்மானத்தில் மக்களைப் பட்டினி போட்டுப் போரிடுவதைக் கண்டித்திருக்கிறது. எழுத்தில் இருக்கிறது.

'பஞ்சம்' என்ற சொல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு, இதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவே அடியோடு இல்லாமல் போக வேண்டும், குழந்தைகளில் 30 சதவீதம் பேர் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும், பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு இரண்டு பேர் செத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அறிவிப்பார்கள். அறிவிப்பு வரும் நாளில் ஏற்கெனவே நிறைய பேரைப் புதைத்தாகிவிட்டது.

போர் நடக்கும் நாட்டோடும் இது நிற்பதில்லை. சோமாலியா தன் கோதுமையில் 90 சதவீதத்துக்கு மேல் ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கி வந்தது. 2022 பிப்ரவரியில் அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையிலான போர் பெருகியதும் மார்ச்சில் உலக உணவு விலைக் குறியீடு வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. அப்போது சோமாலியாவில் மழையும் பொய்த்திருந்தது.

வழித்துணை:

சண்டை நின்ற பிறகு நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாவோஸ் மேல் 1964 முதல் 1973 வரை அமெரிக்கா போட்ட கொத்துக்குண்டுகளில் இருந்த சின்னக் குண்டுகள் சுமார் 27 கோடி. அவற்றில் 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டதாக மதிப்பிடுகிறார்கள். அந்தப் போர் முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்தவர்கள்கூட அதில் கை கால் இழந்திருக்கிறார்கள்.

கண்ணிவெடி எடுக்கிற வேலையை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். இலங்கையின் வடக்கில் இந்த வேலையில் ஏராளமான பெண்கள் இருக்கிறார்கள், போரில் கணவனை இழந்தவர்கள் பலர். ஒரு மீட்டர் அகலத்துக்குக் கயிறோ குச்சியோ வைத்துப் பாதை குறித்திருக்கும். முழங்காலிட்டு முதலில் புல்லைக் கத்தரியால் வெட்டுகிறார், கருவியை மண்ணுக்கு மேல் மெதுவாக அசைக்கிறார், சத்தம் வந்தால் அந்த இடத்தைப் பக்கவாட்டில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறார். மேலிருந்து குத்தினால் அழுத்தத்தில் வெடித்துவிடும். ஒரு மணி நேரம் பார்த்தேன், அவர் நகர்ந்தது ஒரு கை நீளம். கிடைத்தது துருப்பிடித்த ஆணி. ஆணியையும் வெடி என்று நினைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு வயலை உழவனிடம் திருப்பிக் கொடுக்க எத்தனை மாதம் ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, காகிதம். 2024 முடிவில் உலகில் விரட்டப்பட்டு வாழ்ந்தவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர் என்று ஐநா அகதிகள் ஆணையம் சொன்னது. பாதிக்கு மேற்பட்டவர்கள் எல்லை தாண்டவில்லை, சொந்த நாட்டுக்குள்ளேயே வேறெங்கோ கிடக்கிறார்கள். ஓடும்போது குழந்தையைத் தூக்குவார்களா, வீட்டுப் பத்திரத்தைத் தேடுவார்களா? சிரியாவில் 2018இல் வந்த 10ஆம் எண் சட்டம், மறுசீரமைப்பு என்று அரசு குறித்த பகுதிகளில் வீடு தன்னுடையது என்று நிரூபிக்க முதலில் 30 நாள்தான் கொடுத்தது, எதிர்ப்பு வந்த பிறகு ஒரு வருடமாக நீட்டினார்கள். முகாமில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அது இல்லாமல் பள்ளி இல்லை, பிற்பாடு குடியுரிமையும் சிக்கல். இந்தப் பிள்ளையின் மேல் ஒரு தோட்டாவும் பாயவில்லை.

இளவேனில், நீங்கள் ஒட்டாவாவைப் பெருமையாகச் சொன்னீர்கள். அதே ஒப்பந்தத்திலிருந்து எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா, போலந்து, பின்லாந்து ஐந்தும் 2025இல் விலகுவதாக அறிவித்துவிட்டன. நாட்டின் பாதுகாப்பு என்றுதான் காரணம் சொல்கின்றன.

இளவேனில்:

ஆமாம், எனக்கும் அது வலிக்கிறது. ஆனால் ரஷ்யாவை ஒட்டி வாழ்கிறவர்களின் பயத்தைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், உக்ரைனில் நடந்ததை அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். அவர்கள் புதைக்கப்போவது தங்கள் மண்ணில், நாளைக்கு அதில் நடக்கப்போவதும் அவர்கள் பிள்ளைகள்தான் என்பதை நீங்கள் எழுதிய அந்த ஒரு கை நீளம் எனக்கு உணர்த்தியது. என் பழைய கருத்தை முழுக்க விடவில்லை, ஆனால் இந்த விலகலை இனி அவ்வளவு சுலபமாக நியாயப்படுத்த மாட்டேன்.

மருதாணி:

எண்ணும் முறையைச் சொல்லிவிடுகிறேன், சார் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

மூன்று வழிகள் உண்டு. செய்தி, மருத்துவமனைப் பதிவு, பிணவறைப் பதிவு ஆகியவற்றை வைத்துச் சம்பவம் சம்பவமாக எண்ணுவது ஒன்று. அதில் குண்டும் துப்பாக்கியும்தான் வரும், அதுவும் யாராவது பார்த்து எழுதியிருந்தால். ஏமன் மதிப்பீடு வேறு வகை. டென்வர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரி ஒன்றில், போர் வராமலிருந்தால் அந்த நாடு எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, நடந்ததோடு ஒப்பிட்டார்கள். நீங்கள் கேட்டீர்களே, பசியும் நோயும் ஏழை நாட்டில் எப்படியும் உண்டே என்று, அந்த வழக்கமான சாவைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் அந்த எண். காங்கோவில் செய்தது மூன்றாவது வழி, வீடு வீடாகப் போய்க் கேட்பது.

அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். கேள்விகள் எளிமையானவை. போன வருடம் இந்த நாளில் இந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டீர்கள், அவர்கள் பெயர் சொல்லுங்கள், அவர்களில் இப்போது இல்லாதவர் யார், எப்போது, எதனால். ஒரு கூடாரத்தில் பாட்டி ஒருவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து ஐந்தாவது விரலில் நின்றுவிட்டார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். "காய்ச்சல்" என்று சொன்னார். படிவத்தில் 'நோய்' என்ற கட்டத்தில் குறி போட்டேன். மருந்தகம் எரிந்துபோய் நான்கு மாதமாக அங்கே காய்ச்சல் மாத்திரைகூட இல்லை என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை, பக்க ஓரத்தில் எழுதினேன்.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பதில் சொல்ல ஒருவராவது மிஞ்சியிருக்கும் குடும்பங்கள்தான் கணக்கில் வரும். எல்லோரும் போய்விட்ட வீட்டின் கதவைத் தட்டினால் திறக்க ஆளில்லை, பட்டியலில் 'வீடு காலி' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காக ஆய்வாளர்கள் பக்கத்து வீட்டாரிடம் கேட்பது உண்டு. பக்கத்து வீட்டார் இருந்தால்.